மனநல ஆலோசகரும் அவரை நாடுவோரின் உரிமையும்

கொல்கத்தாவின் கிழக்கே, தில்ஜலா பக்கத்தில், லும்பினி பார்க் என்னும் மனநல மருத்துவமனை இருக்கிறது. அது அமைந்துள்ள வீதிக்கு ஜி. எஸ். போஸ் சாலை என்று பெயர். அப்பெயருக்கு உரியவரான கிரீந்திரசேகர போஸ் என்னும் வைத்தியர், 1922ஆம் ஆண்டில் பார்சிபாகான் சந்திலிருந்த தம் சொந்த வீட்டிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவி, வியன்னாவிலிருந்த ஃப்ராய்டோடு பல ஆண்டுகள் கடிதப் போக்குவரத்து வைத்திருந்து, ஒப்ப முடியாத இடங்களில் மரியாதை குன்றாமல் மாறுபட்டும் எழுதி, 1933இல் அன்றைய கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோய்க்கென ஒரு வெளிநோயாளர் பிரிவையும், 1940இல் லும்பினி பார்க்கையும் தொடங்கியவர். ஒரு மனிதன் தன் துயரத்தை இன்னொரு மனிதனிடம் தடையின்றிப் பேசுவதே சிகிச்சையாகலாம் என்ற கருத்து, நம் நாட்டில் ஸ்தாபன ரூபம் பெற்ற நகரம் இது. அத்தகைய நகரத்திலே, நூறாண்டு கடந்த பின்னும், ஆலோசகர் செய்யத் தக்கது எது, செய்யத் தகாதது எது, அவரை நாடுகிறவருக்குள்ள உரிமைகள் யாவை என்பன படித்தவர்களுக்கும் தெளிவாகத் தெரியாமலிருப்பது வருந்தத்தக்கது.

மகனையோ மகளையோ ஆலோசகரிடம் அழைத்துச் செல்லும் பெற்றோர் பெரும்பாலும், "இவனுக்கு நீங்கள்தான் நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும்" என்றே கேட்டுக்கொள்கிறார்கள். புத்தி சொல்ல மாமாவும் சித்தப்பாவும் அடுத்த வீட்டுக்காரரும் முன்பே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லி ஓய்ந்த பிறகே நாம் ஆலோசகரின் வாசற்படியை மிதிக்கிறோம். அங்கேயும் அதே உபதேசம் கிடைக்குமானால் கொடுத்த கட்டணம் வீண் என்பதோடு, வந்த பிள்ளை இனி ஒருவரிடமும் வாய் திறவாமற்போகும் அபாயமும் உண்டு.

ராஷ்பிகாரி அவென்யூவை அடுத்த லேக் மார்க்கெட் பகுதியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்ததிலிருந்து சரியாக உண்ணாமலும் உறங்காமலும் இருக்கும் பெண்ணைத் தாயும் தந்தையும் அழைத்து வருகிறார்கள். தொழிலறிந்த ஆலோசகர், பெற்றோர் கூறுவதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அவர்களைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "இங்கே வந்ததைப் பற்றி உனக்கு என்னம்மா தோன்றுகிறது?" என்று அவளைக் கேட்பார். "அப்பா கூப்பிட்டார், வந்தேன்" என்பாள் அவள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல், துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நெடுநேரம் உட்கார்ந்திருக்கவும் கூடும். அந்த மௌனத்தை உபதேசத்தால் நிரப்பிவிடாமல் காத்திருக்கத் தெரிந்தவரே அத்தொழிலைக் கற்றவர்.

அவர் காத்திருப்பதற்குப் பின்னால் ஒரு தத்துவம் இருக்கிறது. நாடி வந்தவரின் நிலையில் நின்று அவர் உணர்வை உணர்தல், நிபந்தனையின்றி அவரை மதித்தல், ஆலோசகர் தாமும் போலியின்றி இருத்தல் ஆகிய மூன்றும் அமைந்தால், மாறுவதற்கான சக்தி வந்தவரிடமிருந்தே பிறக்கும் என்பது அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ராஜர்ஸ் வகுத்த நெறி. போஸும் ஃப்ராய்டும் சென்ற வழி வேறு. மனத்தின் அடியில் மறைந்து கிடக்கும் ஆசைகளையும் அச்சங்களையும் பேச்சினாலேயே மேலே கொணர முயலும் அவ்வழிக்கு மாதங்களும் வருஷங்களும் பிடிக்கும். 1960களில் ஆரன் பெக் உருவாக்கிய முறையிலோ, "பரீட்சையில் தோற்றவள் வாழ்க்கையிலும் தோற்றவள்தான்" என்று அப்பெண் தனக்குள் சொல்லிக்கொள்ளும் எண்ணத்தையே எடுத்துக்கொண்டு, அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று அவள் கையாலேயே ஒரு தாளில் எழுதச் செய்து, அடுத்த வாரத்திற்குள் செய்து பார்க்கச் சில சிறு காரியங்களையும் கொடுப்பார்கள். குடும்பத்தோடு சேர்ந்து பேசும் முறை, மதிப்பெண்ணைத் தவிர வேறு பேச்சே எழாத அவ்வீட்டுச் சாப்பாட்டு வேளையை ஆராயும். இவற்றுள் எது சிறந்தது என்ற வாதத்தைவிட, தமக்கு எந்த முறை கையாளப்படுகிறது, ஏறக்குறைய எத்தனை வாரம் ஆகும், கட்டணம் எவ்வளவு என்பதை முதல் நாளிலேயே கேட்டறியும் வழக்கம் பிரதானமானது என்பது என் அபிப்பிராயம். இக்கேள்விகளைக் கேட்டுக் கோபம் கொள்ளும் ஆலோசகரிடம் மறுபடி போக வேண்டிய அவசியமில்லை.

தகுதியைப் பற்றி ஜாக்கிரதையாக இருப்பது இன்றியமையாதது. மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்றவர். மருந்து எழுதும் அதிகாரம் அவருக்கு உண்டு. மருத்துவ உளவியலாளர், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் அத்தொழிலைச் செய்வது தண்டனைக்குரியது. ஆலோசகர் என்று மட்டும் பலகை மாட்டுவதற்கோ, இவ்வளவு கண்டிப்பான தடை நெடுங்காலமாக இருந்ததில்லை. உளவியலாளர்களையும் பலவகை ஆலோசகர்களையும் பதிவேட்டின்கீழ்க் கொண்டுவர 2021இல் ஒரு மத்தியச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை, எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார், யாருடைய மேற்பார்வையில் பயின்றார் என்று விசாரிக்கும் பொறுப்பு நம்முடையதே. சில நாள் பயிற்சிச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு ஆழ்ந்த மனச்சோர்வுக்கும் மனப்பிறழ்வுக்கும் சிகிச்சை செய்ய முற்படுவோரால் விளையும் தீங்கு பெரிது. தம் எல்லையைக் கடந்த நோயைக் கண்டவுடன் மருத்துவரிடம் அனுப்பி வைப்பதும் நல்ல ஆலோசகரின் கடமை.

2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2018 மே மாதம் 29ஆம் நாள் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் 23ஆம் பிரிவில், நோயுற்றவரின் அந்தரங்கத்தைக் காக்கும் உரிமையை உறுதி செய்கிறது. உயிருக்கு அபாயம், பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைகளில் இதற்கு விலக்கு உண்டு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் அதைக் காவல்துறைக்கு அறிவிக்க வேண்டியது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயமாகும். இவ்வெல்லைகளையெல்லாம் முதல் சந்திப்பிலேயே விளக்கிவிடுவது நேர்மையான முறை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, அதற்காக வழக்குத் தொடுத்துத் தண்டிக்கலாகாது என்கிறது. போலீஸ் வந்துவிடுமோ என்ற அச்சத்தால் நடந்ததை மறைத்துச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

சமாதானம் என்ற பெயரில் நடக்கும் அநீதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிபட்டு வந்த மனைவியிடம் "கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்" என்று கூறுவது ஆலோசனையாகாது. குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் 2006இல் வகுத்த விதிகள், எதிர்மனுதாரர் தாம் செய்த வன்முறைக்கு நியாயம் கற்பிக்க ஆலோசனையில் இடமில்லை என்றும், வழக்கில் சம்பந்தமுள்ளவரோ உறவினரோ ஆலோசகராக இருக்கலாகாது என்றும் தெளிவாகக் கூறுகின்றன. அவ்வாறே, ஒருபாலீர்ப்புள்ள பிள்ளைகளை "மாற்றித் தருவதாக" வாக்களிப்பவரை நம்பலாகாது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் இதனை மருத்துவர்களுக்குத் தொழில்முறைத் தவறாக அறிவித்தது. அவ்வறிவிப்புக்குக் காரணமாயிருந்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றத்தில் விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இவ்விஷயத்தில் தமக்குப் போதிய அறிவில்லை என்று வெளிப்படையாகக் கூறி, தாமே ஓர் உளவியலாளரிடம் சென்று அமர்ந்து கேட்டறிந்த பின்னரே 2021 ஜூன் மாதத்தில் தீர்ப்புரைத்தார். நீதிபதிக்கே இழுக்காகாத ஒன்று நமக்கு எவ்வாறு இழுக்காகும்?

மாணவர் விஷயத்தில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முக்கியமான நெறிமுறைகளை வகுத்தது. மருத்துவ நுழைவுத் தேர்வுக்காக விசாகப்பட்டினத்தில் தங்கிப் படித்து உயிரிழந்த ஒரு பெண்ணின் தந்தை, மேற்கு வங்காளத்தைச் சேர்ந்தவர், நடத்திய வழக்கில் பிறந்த தீர்ப்பு அது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ பயிலும் கல்வி நிலையங்களும் பயிற்சி மையங்களும் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்து மாணவரை வகுப்பு வகுப்பாகப் பிரித்து அவமதிக்கலாகாது. பிள்ளையைச் சேர்க்கும் நாளில், கட்டண விவரத்தைக் கேட்கும் பெற்றோர், "உங்கள் ஆலோசகர் யார், எந்நாட்களில் இருப்பார்?" என்றும் கேட்டாக வேண்டும்.

இந்நகரத் தமிழர்களுக்கு மொழி வேறு ஒரு தடை. மீன் கடையிலும் டிராமிலும் சரளமாக வங்காளம் பேசும் மூதாட்டி ஒருவர், கணவரை இழந்த துக்கத்தை அம்மொழியில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிடுவார். அத்தகையோருக்காகவே, 2022 அக்டோபர் 10ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையில் தமிழும் இடம்பெற்றிருக்கிறது. 14416 என்ற எண்ணை இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம்.

தீங்கு நேர்ந்தால் நிவாரணம் உண்டு. மனநல நிலையத்தில் பெற்ற சேவையில் குறையிருந்தால், முதலில் அதன் பொறுப்பு மருத்துவ அதிகாரியிடமும், அங்கே திருப்தி இல்லையேல் மனநல மறுஆய்வு வாரியத்திடமும், அதன் பின் மாநில மனநல ஆணையத்திடமும் முறையிடலாம். இதற்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையையும் மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது. மருத்துவர் மீதான புகாரை மேற்கு வங்க மருத்துவ கவுன்சிலும், பதிவு பெற்ற உளவியலாளர் மீதானதை மறுவாழ்வு கவுன்சிலும் ஏற்கும். கட்டணம் வாங்கிய தனி ஆலோசகர் மீது இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுவுக்குக் கட்டணமில்லை. அந்தரங்கமான அறையில் பாலியல் அத்துமீறல் நிகழ்ந்தால், இவை எதற்கும் காத்திராமல் நேரே காவல் நிலையத்திற்குச் செல்ல வேண்டும். எந்த முறையீடும் நிற்பதற்குச் சான்று வேண்டுமாதலால், சந்திப்புக்குச் சென்ற நாளையும், செலுத்திய தொகைக்கான ரசீதையும், அங்கே சொல்லப்பட்டவற்றின் சுருக்கத்தையும் அன்றன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது நல்லது.