மணலைக் கேட்டு வண்டி வாங்குங்கள்

சாங்கி விமான நிலையத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் ஆளில்லா வானூர்தி எதையும் வெட்டவெளியில் பறக்கவிட முடியாது. எவ்வளவு எடை குறைந்ததாக இருந்தாலும் விதி அதுதான். 250 கிராமுக்கு மேல் எடையுள்ளவற்றைப் பதிவுசெய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் 2020 ஜனவரியில் வந்துவிட்டது. ஆக, ரிமோட்டும் கையுமாகத் திரிகிற இந்த வட்டாரத்து ஆட்களுக்குத் தரைதான் கதி.

தரை என்றாலும் லேசுப்பட்ட தரை இல்லை. விமான நிலையத்துக்காகக் கடலடியிலிருந்து நான்கு கோடி கனமீட்டருக்கு மேல் மணல் அள்ளிக் கொட்டி உண்டாக்கிய நிலம் இந்தப் பக்கத்தில் பரந்து கிடக்கிறது. இதே கடலோரத்தில் முழு அளவு மோட்டார் பந்தயத் திடல் ஒன்று கட்டும் பொறுப்பை 2010இல் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். திடல் வரவே இல்லை. பெரிய வண்டிகளுக்குக் கிடைக்காத கொடுப்பினை பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ரிமோட் வண்டிகளுக்காவது வாய்க்கட்டும்.

அந்தச் சின்ன வண்டிகளில் இப்போது நாம் பார்க்கப்போவது ‘ஷார்ட் கோர்ஸ்’ டிரக். அமெரிக்க மண் திடல்களில் குதித்துக் குதித்து ஓடும் பந்தய பிக்கப்களின் சிறு உருவம். ஏறக்குறைய 57 சென்டிமீட்டர் நீளம், இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் எடை. பழைய பஃகிகளில் சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். இரண்டு வண்டி உரசினால் சக்கரத்தோடு சக்கரம் மாட்டி இரண்டுமே கவிழும். இதில் கூடு சக்கரங்களை மூடிக்கொள்வதால் இடித்துக்கொண்டே போகலாம். புதிதாக ஓட்டுகிறவர்களை இந்த வகை இழுத்துக்கொண்டதற்கு அதுவே பெரிய காரணம் என்பேன்.

2008இல் டெக்சஸின் டிராக்சாஸ் நிறுவனம் ‘ஸ்லாஷ்’ என்ற டிரக்கை இறக்கியது. மறு ஆண்டே கலிபோர்னியாவின் டீம் அசோசியேட்டட் ‘எஸ்சி10’ என்ற போட்டி வண்டியோடு வந்தது. எது நல்லது என்ற வாக்குவாதம் அன்று தொடங்கியது. மாடல்கள் மாறிவிட்டன, வாக்குவாதம் மாறவில்லை.

வெளியே பார்த்தால் ஒரே அச்சு, உள்ளே வம்சம் வேறு. ஸ்லாஷின் கியர்பெட்டி அதே கம்பெனியின் ஸ்டாம்பீட், ரஸ்ட்லர் வண்டிகளுடையது. பந்தயத்தைவிடக் கண்ட இடத்தில் முரட்டுத்தனமாக ஓட்டித் தள்ளுவதற்கென்று பிறந்தவை அவை. எஸ்சி10 வந்ததோ டி4 என்ற பந்தய டிரக்கிலிருந்து. அந்த வரிசையின் மூதாதை 1984இன் ஆர்சி10. இந்த அசோசியேட்டட் 2005 முதல் தைவானின் தண்டர் டைகர் கம்பெனியின் கையில் இருக்கிறது.

வம்சத்தின் குணம் வளைவில் தெரியும். முதல் ஸ்லாஷின் அடித்தளம் ஆழமான தொட்டி மாதிரி, எடை மேலே நிற்கும். பிடிப்புள்ள தரையில் வேகமாகத் திருப்பினால் உருண்டுவிடும். குறை உண்மைதான் என்பதைக் கம்பெனியே பின்னர் தாழ்ந்த அடித்தளம் ஒன்றை விற்று ஒப்புக்கொண்டது. ஆனால் அதன் பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும். அசோசியேட்டட் தாழ்வாக உட்கார்ந்து, சொன்ன இடத்தில் திரும்பும். பந்தயம்தான் நோக்கம் என்றால் என் ஓட்டு அதற்கே. கல்லும் வேருமாகக் கிடக்கும் இடத்தில் மாலைப் பொழுதைக் கழிக்க நினைப்பவர் ஸ்லாஷை வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

அடுத்து, மோட்டார் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். இரு சக்கர இழுவை வண்டியில் பின் அச்சுக்கும் பின்னால் மோட்டார் இருந்தால், இழுக்கிற சக்கரங்களின் மேலேயே எடை விழும். இளகிய மணலிலும் தூசியிலும் அதுதான் பிடிப்புத் தரும். மோட்டார் அச்சுக்கு முன்னால், நடுப்பக்கமாக வந்தால் முன் சக்கரங்களுக்கும் எடை கிடைத்து வண்டி சட்டென்று திரும்பும். செயற்கைப் புல்லிலும் இறுகிய களிமண்ணிலும் இது கொடிகட்டிப் பறக்கும். அசோசியேட்டட் பின்னாளில் போட்ட எஸ்சி5எம் இந்த ரகம்தான், பெயரிலுள்ள ‘எம்’ அதற்காகத்தான். அதைக் கொண்டுவந்து சாங்கி மணலில் விட்டால் பின்சக்கரம் குழி தோண்டும்.

இனி தாவல். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இங்கேதான் இருக்கிறது. அந்தரத்தில் இருக்கும் வண்டியை ரிமோட்டால் என்ன செய்துவிட முடியும்? நிறையச் செய்யலாம். விசையை இழுத்தால் சக்கரங்கள் இன்னும் வேகமாக முன்னோக்கிச் சுழலும். பற்றிக்கொள்ளத் தரை இல்லாததால் வண்டியின் உடல் எதிர்த் திசையில் திரும்பும்: மூக்கு மேலே போகும், வால் இறங்கும். பிரேக்கைத் தொட்டால் சக்கரங்களின் சுழற்சி உடலுக்குக் கைமாறும், மூக்கு கீழே வரும். கோண உந்தம் அழியாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது கண்ணெதிரே நடக்கும். இரு சக்கர இழுவையில் பின் சக்கரங்கள் இரண்டு மட்டுமே இதற்கு உதவும். நான்கு சக்கர இழுவையில் நான்கும் உதவுவதால் திருத்தம் உடனே தெரியும். இரண்டு கம்பெனிகளும் நான்கு சக்கர இழுவை மாடல்களையும் கொண்டுவந்தன. ஆனால் முன்பக்கத்துக்கு இன்னொரு டிஃபரென்ஷியல், நடுவே ஒரு தண்டு என்று மணல் புகுவதற்கு வாசல்களும் கூடுகின்றன. செலவும்தான்.

தாவலில் ஷார்ட் கோர்ஸ் டிரக்குக்கே உரிய ஒரு வியாதி உண்டு. அகலமான கூடு அடியில் காற்றை அள்ளிக்கொள்ளும், டிரக் பாராசூட் போல நின்று மிதக்கும், மூக்கு தூக்கிக்கொள்ளும். அதனால் பந்தயக்காரர்கள் பளபளவென்று வண்ணம் பூசிய புதுக் கூட்டின் பின்பக்கத்தைக் கத்தரியால் வெட்டிக் காற்றுக்கு வழி விடுவார்கள். பழைய வண்டி வாங்கும்போது கூட்டில் ஓட்டைகளைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். விவரம் தெரிந்தவர் ஓட்டிய வண்டியாக இருக்கலாம்.

பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை நான் கண்டுகொள்வதில்லை. பிரஷ் இல்லாத மோட்டாரும் மூன்று செல் லித்தியம் பேட்டரியும் போட்டால் மணிக்கு 60 மைல் என்கிறார்கள். அதாவது நொடிக்கு 27 மீட்டர். முப்பது மீட்டர் நேர்ப்பாதையில் அந்த வேகத்தை எட்டுவதற்குள் வளைவு வந்துவிடும்.

பேட்டரிதான் கவனிக்க வேண்டியது. இரண்டு செல், 5,000 மில்லிஆம்பியர்-மணி என்றால் 37 வாட்-மணி. மூன்று செல் என்றால் 55.5. வெளிநாட்டுப் பந்தயத்துக்குப் பறப்பவர் இவற்றைக் கைப்பையில் எடுத்துப்போகலாம், செக்-இன் பெட்டியில் உதிரி பேட்டரி கூடாது. பெரிய வண்டிகளின் ஆறு செல் பேட்டரி அதே கொள்ளளவில் 111 வாட்-மணி. நூறைத் தாண்டிவிட்டால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்.

சிங்கப்பூரில் வருடத்தில் ஏறத்தாழ பாதி நாள் மழை. ‘தண்ணீர் புகாது’ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் மின்னணுப் பாகங்களுக்குத்தான், பேரிங்குகளுக்கு இல்லை. கடலோரத்தில் ஓட்டிவிட்டு அப்படியே வைத்தால் உப்பு அவற்றைத் தின்றுவிடும். நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, எண்ணெய் விட வேண்டும். ஷாக் தண்டில் ஒட்டிய மணலைத் துடைக்காமல் விட்டால் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்து எண்ணெய் கசியும். உடைவது எப்படியும் உடையும். முதலில் போவது முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை. உங்களுக்குப் பக்கத்துக் கடையின் கொக்கியில் எந்த வண்டியின் கீழ்க்கை தொங்குகிறதோ, அதற்குப் பத்து மதிப்பெண் கூடப் போடுங்கள்.

கரோசல் இணையச் சந்தையில் பழையது வாங்குவதானால் இரண்டு சோதனைகள் போதும். பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டியைத் தூக்கி, கியர் உருளாதபடி பிடித்துக்கொண்டு ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கமாக வழவழவென்று சுற்ற வேண்டும், நறநறத்தால் டிஃபரென்ஷியலுக்குள் மணல். பிறகு மூடியைக் கழற்றிப் பெரிய பற்சக்கரத்தைப் பாருங்கள். அதோடு சேர்ந்திருக்கும் ஸ்லிப்பர் கிளட்ச், தாவி இறங்கும்போது சக்கரத்தில் விழும் அதிர்ச்சி கியருக்குப் போகாமல் கொஞ்சம் வழுக்கிக் கொடுப்பதற்காக இருப்பது. அதன் நட்டை முழுக்க முறுக்கி வைத்து ஓட்டியிருந்தால் பற்கள் கூராகத் தேய்ந்திருக்கும் அல்லது ஒன்றிரண்டு காணாமல் போயிருக்கும். அப்படியானால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், குறைக்காவிட்டால் அடுத்த விளம்பரத்தைப் பார்க்கலாம்.