எந்த டிக்ரானஸ்? - அர்மீனியக் காசுகளில் ஒரு பெயர்ச் சிக்கல்

சென்னைப் பாரிமுனையில் அர்மீனியன் தெரு இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். பழைய ஜனங்கள் வாயில் அது 'அரண்மனைக்காரன் தெரு' ஆகிவிட்டது. அந்தத் தெருவுக்குப் பெயர் தந்த வணிகர்களின் தாய்நாட்டில், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ராஜாக்கள் காசு அடித்திருக்கிறார்கள். ஆனால் எந்தக் காசு எந்த ராஜாவுடையது என்று அறிஞர்கள் இன்றும் மல்லாடுகிறார்கள். ஏன் என்று பார்ப்போம்.

கி.மு. 190இல் மக்னீசியாப் போரில் செலூக்கிய மன்னர் ரோமானியரிடம் தோற்றார். அதையடுத்து அர்மீனியாவில் ஆர்டாக்ஸியஸ் தனியரசு கண்டான். அவன் வம்சத்தில் பேர்போனவன் இரண்டாம் டிக்ரானஸ் (கி.மு. 95-55). கி.மு. 83இல் சிரியாவின் அந்தியோக்கியா நகரும் அவன் கைக்கு வந்தது. அங்கே அடித்த வெள்ளிக்காசின் முன்பக்கம் முனைகள் கொண்ட கிரீடம் தரித்த தலை. கிரீடத்தில் இரண்டு கழுகுகள், நடுவே நட்சத்திரம். பின்பக்கம் பாறைமேல் அமர்ந்த நகரதேவதை, காலடியில் ஒரோண்டஸ் நதியின் உருவம். கிரேக்க எழுத்தில் 'டிக்ரானஸ் அரசனுடையது' என்றிருக்கும். இதில் தகராறு இல்லை.

தகராறெல்லாம் சின்னச் செப்புக்காசுகளில்தான். டிக்ரானஸ் என்ற பேரில் ராஜாக்கள் பலர். அவன் மகனுக்கும் அதே பேர், கி.மு. 66இல் ரோமத் தளபதி பாம்பே அவனுக்கு சோஃபீன் பகுதியைக் கொடுத்து, பிறகு அவனையே சிறைப்பிடித்தார். அப்புறம் மூன்றாமவன், நான்காமவன், ஐந்தாமவன். 'இரண்டாம்', 'மூன்றாம்' என்பதெல்லாம் பிற்காலத்தார் போட்ட எண்கள். காசில் டிக்ரானஸ் என்ற பேர் இருக்கும், எண் இருக்காது.

அப்போ எப்படிப் பிரிப்பது? கிரீடத்தின் அமைப்பு, எடை, கிடைத்த இடம், ஒரே புதையலில் கூட இருந்த காசுகள் எல்லாம் பார்க்க வேண்டும். பழைய காசின்மேல் புது முத்திரை அடித்திருந்தால் எது முந்தியது என்று தெரிந்துவிடும்.

சில காசுகள் தாமே வாய் திறக்கும். ஒன்றில் டிக்ரானஸ் தலையோடு, 'டிக்ரானஸ் அரசனின் சகோதரி எராட்டோ' என்று ஒரு பெண்ணின் தலையும் இருக்கிறது. எராட்டோவோடு சேர்ந்து ஆண்டவன் நான்காம் டிக்ரானஸ். ஆகவே காசு அவனுடையது.

சில காசுகள் பாதிதான் பேசும். ஒரு வெள்ளிக்காசில் ஒருபக்கம் ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸ், மறுபக்கம் ஆர்டவாஸ்டஸ் அரசன். இரண்டாம் ஆர்டவாஸ்டஸை கி.மு. 34லேயே ஆண்டனி பிடித்துக்கொண்டு போய்விட்டார். அகஸ்டஸ் என்ற பட்டமே கி.மு. 27இல்தான் வந்தது. ஆக அவன் இல்லை. ஆனால் அகஸ்டஸ் தயவில் அரியணை ஏறிய ஆர்டவாஸ்டஸ்கள் பின்னால் இரண்டு பேர்! அவர்களில் யார் என்பதில்தான் வாதம்.

இன்னும் சிக்கலானது அப்டிஸ்ஸாரஸ் காசு. இந்த ராஜாவை நமக்குத் தெரிவித்ததே காசுதான். வெகுகாலம் அவனை சோஃபீன் அரசன் என்றே எழுதி வந்தார்கள். பேரைப் பிரித்துப் பார்த்தால் 'இஷ்தார் தேவியின் அடியான்' என்று பொருள். இஷ்தாருக்குப் பெயர்போன அர்பேலா நகர் இருந்த அடியாபீன் நாட்டு ராஜா என்று 1996இல் பெல்ஜிய அறிஞர் டெ கல்லடாய் வாதிட்டார். ஒரு பேரின் பொருளால் ராஜாவின் நாடே மாறிவிட்டது பாருங்கள்.

பால் பெடூக்கியன் 1978இல் இந்த வம்சத்துக் காசுகளை நூலாகத் தொகுத்தார். 2016இல் ஃபிராங்க் கோவாக்ஸ் எழுதிய நூலில் பல காசுகள் வேறு ராஜாக்களின் கணக்குக்குப் போய்விட்டன. கரூரில் கிடைத்த 'மாக்கோதை' காசிலும் நமக்கு இதே கேள்விதான். சங்கப் பாடல்களில் கோதை என்ற பேர் கொண்ட சேரர் ஒருவரா, இருவரா?

வியாபாரியாக ஒன்று சொல்கிறேன். சீட்டில் பெரிய ராஜா பேரைப் போட்டால் காசுக்கு விலை ஏறும். அந்த ஆசையில் எழுதிய பேரை அடுத்தவர் நகல் எடுப்பார். பத்து வருஷத்தில் அதுவே சரித்திரமாகிவிடும். நம் பிள்ளைகள் காசு சேர்த்தால் எடையையும் கிடைத்த இடத்தையும் முதலில் எழுதச் சொல்லுங்கள். ராஜா பேர் நிச்சயமில்லையென்றால் 'டிக்ரானஸ், எவரென்று தெளிவில்லை' என்று எழுதட்டும். பின்னால் வருகிற ஆராய்ச்சியாளருக்கு அதுதான் உதவும்.