பழைய பயண வானில் சூடும் குளிர்ச்சியும்

ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டில் பெட்டி வடிவான சிறு வான்களைச் செய்யத் தொடங்கிற்று. அவற்றினுள்ளே படுக்கையும் அடுப்பும் அலுமாரியும் பொருத்தி, நடமாடும் வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் மறு ஆண்டிலேயே தோன்றிவிட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அப்பழைய வான்களைப் பேணி ஓட்டுவோர் இன்றும் பலர். மலையேற்றத்தில் இயந்திரம் கொதித்துவிடுகிறது என்பதும், குளிரிலே உள்ளே சூடு வருவதில்லை என்பதும் அவர்கள் அடிக்கடி கூறும் முறைப்பாடுகள். இவை வெவ்வேறு நோய்கள் போலத் தோன்றினும் பல வேளைகளில் ஒரே நோயின் இரு குறிகளேயாம்.

நேயர்களே, பெற்றோலை எரிப்பதால் பிறக்கும் வெப்பத்திலே மூன்றிலொரு பங்குக்கும் குறைவானதே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகின்றது. எஞ்சியது புகையோடும் இயந்திரத்தின் உடலோடும் வீணாகிறது. இவ்வான்களின் சூடாக்கி தானாக வெப்பத்தை உண்டாக்குவதன்று. இயந்திரம் வேண்டாமென்று தள்ளுவதில் ஒரு சிறு பங்கை இரந்து பெறுவது. ஆகவே, கொடுப்பவன் நலம் குன்றினால் பெறுபவனும் வாடுவான்.

1979இல் வெளிவந்த மூன்றாந் தலைமுறை வானுக்கு 1982இல் நீரால் குளிரூட்டப்படும் பெற்றோல் இயந்திரம் பொருத்தப்பட்டது. இயந்திரம் பின்புறத்திலே, றேடியேற்றரோ முன்புறத்திலே. இடையில் வண்டியின் நீளத்துக்கும் இரு குழாய்கள், ஒன்று நீர் போக, மற்றது திரும்பி வர. இவ்வமைப்பே இவ்வானின் தனிக்குறை எனலாம். நெடுங்குழாயில் காற்று எங்கேனும் சிக்கிக்கொண்டால் நீரோட்டம் தடைப்படும்.

நோயை அறியும் வழி எளிது. நெடுந்தூரம் ஓடியும் வெப்பமானியின் முள் எழாது, சூடாக்கியும் இளஞ்சூடே தருமாயின், தேர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது என்க. இது நீர் ஏறத்தாழ 85 பாகை செல்சியசை அடைந்த பின்னரே றேடியேற்றருக்கு வழிவிட வேண்டிய வாயில். விலை அற்பம், மாற்றிவிடலாம். இதற்கு மாறாக, முள் மேலேறிக்கொண்டிருக்கச் சூடாக்கியில் குளிர்காற்று வருமாயின் அது அபாயக் குறி. நீர் குறைந்துவிட்டது, அல்லது காற்று அடைத்துவிட்டது. உடனே ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணைத்தல் வேண்டும். முள் ஏறும்போது சூடாக்கி நல்ல சூட்டைத் தருமாயின், அதனை முழுமையாகத் திறந்து விசிறியையும் ஓடவிடலாம். அதுவும் ஒரு சிறு றேடியேற்றர்தானே! வேனிற் பகலில் இவ்வாறு செய்வது தண்டனை போலிருக்கும்; ஆயினும் நிழலான ஓரிடத்தை அடையும்வரை இயந்திரத்தைக் காக்கும்.

சூடாயிருக்கும்போது நீர்க்கலத்தின் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது. மூடி அமுக்கத்தைத் தாங்கி நிற்பது. வளிமண்டல அமுக்கத்துக்கு மேலே அதேயளவு அமுக்கம் சேர்ந்தால் நீர் 120 பாகை அளவிலேயே கொதிக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அது ஆவியாய்ச் சீறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

காற்றை வெளியேற்றுவதற்கு, இயந்திரம் நன்றாக ஆறிய பின், வானின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்துக. சூடாக்கியின் வாயில்களை முழுதும் திறந்து, பின்புறக் கலத்தில் நீரை மெல்ல ஊற்றி, இயந்திரத்தை ஓடவிட்டு, றேடியேற்றரின் மேன்முனையிலுள்ள திருகாணியைத் தளர்த்துக. முதலில் காற்றுச் சீறும். பின் குமிழியோடு நீர் வரும். இறுதியில் நீர் மட்டும் இடையறாது ஒழுகும். அப்போதுதான் திருகாணியை இறுக்குதல் வேண்டும். ஊற்றுவது வெறும் குழாய்நீராயிருத்தல் கூடாது. இயந்திரத்தின் தலை அலுமினியத்தாலானது. பொசுப்பேற்று இல்லாத உறைதடுப்புத் திரவம் கலவாவிடின் அது உள்ளே அரிக்கப்படும். பன்முறை வெளியேற்றியும் குமிழி ஓயவில்லையாயின், எரிவாயிலிருந்து புகையே நீருக்குள் கசிகிறதெனக் கொள்ளலாம். அது வீட்டு முற்றத்தில் முடிக்கும் வேலையன்று.

இதற்கு முந்திய வான்களில் நீரே இல்லை. காற்றாலேயே இயந்திரம் குளிர்கின்றது. நிமிர்ந்த விசிறியுடைய இயந்திரங்களில் விசிறியையும் மின்பிறப்பாக்கியையும் ஒரே பட்டிதான் சுழற்றுகிறது. ஆதலால் மின்பிறப்பாக்கியின் சிவப்பு விளக்கு எரிந்தால் மின்சாரம் போயிற்று என்று மட்டும் எண்ணி ஓட்டிச் செல்வது இயந்திரத்தையே கொல்வதாகும்; பட்டி அறுந்திருக்கலாம்.

இவ்வான்களின் சூடாக்கும் முறையிலேதான் பேராபத்து மறைந்துள்ளது. விசிறியின் காற்றில் ஒரு பகுதி, புகைக்குழாயைச் சூழ்ந்த இரும்புப் பெட்டிகளின் ஊடே சென்று சூடேறி, தரையின் கீழுள்ள குழாய்வழியே உள்ளே வருகின்றது. புகைக்கும் நாம் சுவாசிக்கும் காற்றுக்கும் இடையே நிற்பது ஓர் இரும்புச் சுவர் மாத்திரமே. அது துருவேறித் துளைபட்டால் காபனோரொட்சைட்டு உட்புகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஒட்சிசனிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் குருதியின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்வது அது. தலைவலி, குமட்டல், தூக்கக்கலக்கம் என்பனவே அறிகுறிகள். பயணக் களைப்பென்று எண்ணி உறங்கப்போனவர் விழியாதிருக்கவும் கூடும்.

எனவே சூடு குறைந்ததும் கதவிழையையும் கிழிந்த குழாயையும் தேடுமுன், அவ்விரும்புப் பெட்டிகளைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். சுத்தியலின் கைப்பிடியால் மெல்லத் தட்டும்போது துருத்தகடு உதிர்ந்தால் ஒட்டுப்போட்டுக் காலங்கடத்தாது புதியன பொருத்துக. அவை வந்து சேரும்வரை சூடாக்கியின் வாயிலை அடைத்து, கம்பளிப் போர்வையோடு ஓட்டுதல் நன்று. தங்கும் இடத்தில் இயந்திரத்தை ஓடவிட்டு உறங்குதல் எந்த வானிலும் ஆகாது. காபனோரொட்சைட்டை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு கருவிகள் இப்போது கடைகளிற் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கிப் படுக்கையின் அருகே பொருத்திக்கொள்ளலாம்.