ஹெட்லைட் 150 சதவீதம் பளிச்சுன்னா என்னங்க அர்த்தம்?

இந்தப் பக்கம் தூசி படிஞ்சு கிடக்குன்னு திட்டாதீங்க. போன ஒரு மாசமா நான் உட்கார்ந்து படிச்சது பாடப் புத்தகம் இல்லை, கார் ஹெட்லைட் பல்போட அட்டைப்பெட்டி. அதுல பொடி எழுத்துல போட்டிருக்கற அடிக்குறிப்பு உட்பட.

காரணம், எங்க விருதுநகர் தம்பி. நாங்க மூணு பேரும் காசு போட்டு வாங்கின 2006 மாடல் வண்டி ஒண்ணு இருக்கு. (கம்பெனி பேரைச் சொன்னா ரசிகர் மன்றத்துக்காரங்க சண்டைக்கு வருவாங்க, வேணாம்.) ஜெர்மனியில தூரிங்கன் காட்டுப் பக்கம்தான் நம்ம ஜாகை. டிசம்பர்ல சாயங்காலம் நாலே காலுக்கெல்லாம் சூரியன் கடையைச் சாத்திடும். தம்பி வாரத்துல மூணு நாள் ஒரு கிடங்குல பார்சல் பிரிக்கிற வேலைக்குப் போயிட்டு, ராத்திரி 2 மணிக்கு 28 கிலோமீட்டர் தனியா ஓட்டிட்டு வர்றான். தெருவிளக்கு கிடையாது, ரெண்டு பக்கமும் மரம். நவம்பர்ல ஒரு ராத்திரி நடு ரோட்டுல மான். எப்படியோ நிறுத்திட்டான். "அண்ணே, அதோட கண்ணு எனக்குத் தெரிஞ்சப்ப அது பானெட்டுக்கு முன்னாடி நிக்குதுண்ணே"ன்னு சொன்னவன் அன்னிக்கு ராத்திரி தூங்கவே இல்லை. விடிஞ்சதும் பார்த்தா இணையத்துல எல்ஈடி பல்பு தேடிக்கிட்டிருக்கான். "300 சதவீதம் பிரைட்டுண்ணே, ஜோடி முப்பதே யூரோ."

சரி, மேட்டருக்கு வருவோம்.

இங்க லைசென்ஸ் எடுத்தவங்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடமா இருக்கும் (நம்மூர் லைசென்ஸ் இங்க ஆறு மாசத்துக்குத்தான் செல்லும், அப்புறம் மறுபடி முதல்லேருந்து பரீட்சை எழுதணும், அந்த சோகத்தைத் தனிப் பதிவா போடலாம்). வேகத்தை பத்தால வகுத்து மூணால பெருக்கினா, மூளைக்கு விஷயம் போய் கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ள வண்டி ஓடற தூரம். பத்தால வகுத்ததை அதாலேயே பெருக்கினா பிரேக் பிடிச்ச பிறகு ஓடற தூரம். ரெண்டையும் கூட்டணும். 100ல போனா 30 கூட்டல் 100, மொத்தம் 130 மீட்டர். 80ல போனா 88. 70ல போனா 70. அதுவும் காஞ்ச ரோட்டுல.

இப்ப விளக்குப் பக்கம் வாங்க. லோ பீம் எதிர்ல வர்றவன் கண்ணைக் குத்தக்கூடாதுன்னு கொஞ்சம் குனிஞ்ச மாதிரிதான் வச்சிருப்பாங்க. எவ்வளவு குனியணும்னு விளக்குக் கூட்டு மேலேயே அச்சடிச்சிருக்கும். எங்க வண்டியில 1 சதவீதம். அதாவது பத்து மீட்டர் போறதுக்குள்ள வெளிச்சத்தோட மேல்விளிம்பு பத்து சென்டிமீட்டர் இறங்கும். எங்க விளக்கு தரையிலேருந்து 65 சென்டிமீட்டர் உயரம். கணக்குப் போடுங்க: 65 மீட்டர்ல அந்த விளிம்பு ரோட்டைத் தொட்டுடும். வலது ஓரம் மட்டும் கொஞ்சம் மேல் நோக்கி ஏறியிருக்கும் (இங்க எல்லாரும் வலது பக்கம்தானே ஓட்டறோம்), அதனால ஓரம் இன்னும் தள்ளித் தெரியும். நடு ரோடு 65 மீட்டரோட சரி.

இதுல நீங்க எந்த பல்பைப் போட்டாலும் அந்த 65 மாறாது. அதைத் தீர்மானிக்கறது விளக்கோட உயரமும் சாய்வும்தான், பல்பு இல்லை. தம்பி அன்னிக்கு 90ல வந்தானாம். நிறுத்த வேண்டிய தூரம் 108, தெரிஞ்ச தூரம் 65. மான் நடந்து போய் புண்ணியம் கட்டிக்கிச்சு, அவ்வளவுதான்.

"அப்ப பெட்டி மேல 150 சதவீதம்னு போட்டிருக்கானே, பொய்யாண்ணே?"

பொய்யில்லை, ஆனா பொடி எழுத்து இருக்கு. ஐரோப்பாவுல விக்கற ஹெட்லைட் பல்புக்கெல்லாம் ஐ.நா. விதி ஒண்ணு இருக்கு. எங்க வண்டிக்கான எச்7 ரகம் 55 வாட், 13.2 வோல்ட்ல 1500 லூமென், பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். அதாவது 1350லேருந்து 1650க்குள்ள. சட்டப்படி இருக்கற பல்புல சோப்ளாங்கியையும் சூரப்புலியையும் பக்கத்துல வச்சா மொத்த வெளிச்சத்துல வித்தியாசம் இருபத்திரண்டு சதவீதம்தான் வரும். அப்புறம் 150 எங்கேருந்து வருது? இழையைச் சின்னதா, நெருக்கமா சுத்தி, இன்னும் சூடா எரிய விடறாங்க. அதனால ரோட்டுல சில குறிப்பிட்ட புள்ளிகள்ல வெளிச்சம் குவியுது. அந்தப் புள்ளியில இருக்கற அளவை, சட்டம் கேக்கற குறைந்தபட்ச அளவோட ஒப்பிட்டு சதவீதம் போடறாங்க. உங்க வண்டியில இப்ப எரியற பல்போட இல்லை. நம்மூர் ஆடித் தள்ளுபடி மாதிரிதான், எதிலேருந்து தள்ளுபடின்னு மட்டும் கேக்கப்படாது :-)

ஆனாலும் அந்தக் குவியல்ல ஒரு நிஜமான லாபம் இருக்கு. வலது ஓரத்துல மரத்துக்குப் பக்கத்துல நிக்கற மான் கொஞ்சம் முன்னாடியே கண்ணுல படும். அதுக்கு விலை ஆயுசு. சூடா எரியற இழை சீக்கிரம் சாகும். அதே கம்பெனி விக்கற நீண்ட ஆயுள் பல்பு சாதாரணத்தை விட மூணு நாலு மடங்கு உழைக்கும், ஆனா மினுக்காது. பகல்லயும் லோ பீம் போட்டுக்கிட்டே ஓட்டறவங்களுக்கு அதுதான் சரி. எங்களுக்கு ராத்திரி காட்டு வழி, அதனால ஆயுசைக் கொடுத்து வெளிச்சம் வாங்கலாம்.

நீலப் பூச்சு பல்பை மட்டும் நான் வேணாம்னு சொல்லிட்டேன். வெள்ளை வெளேர்னு அழகா இருக்கும், உண்மைதான். ஆனா ஹாலஜன் இயல்பாவே மஞ்சளா எரியறது. அது மேல நீலக் கண்ணாடி போட்டா மஞ்சளும் சிவப்பும் வடிகட்டப்பட்டு வெளிச்சம் குறையும். அந்த நஷ்டத்தை ஈடுகட்ட இழையை இன்னும் சூடாக்கணும், ஆயுசு இன்னும் குறையும். காசு கொடுத்து வெளிச்சத்தைத் தூக்கிப் போடற வேலை அது. எதிர்க்கட்சியா மஞ்சள்தான் பனிமூட்டத்தைக் கிழிக்கும்னு ஒரு கோஷ்டி இருக்கு. பிரான்ஸ்ல 1993 வரைக்கும் சட்டமே போட்டு எல்லாரையும் மஞ்சள் ஹெட்லைட்டோட ஓட வச்சாங்க. ஆனா மூட்டத்துல இருக்கற நீர்த்துளி, ஒளியோட அலைநீளத்தை விட ரொம்பப் பெருசு. அது நிறம் பார்த்துச் சிதறடிக்காது.

எல்ஈடி விஷயத்துலதான் தம்பிக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். கண்ணாடிக் கிண்ணத்துக்கு நடுவுல, சுமார் 4 மில்லிமீட்டர் நீளத்துல ஒரு இழை குறிப்பிட்ட இடத்துல நிக்கும்னு நினைச்சுத்தான் அந்த விளக்கையே வடிவமைச்சிருக்காங்க. அந்த இடத்துல ரெண்டு பக்கமும் தட்டையா சில்லு ஒட்டின எல்ஈடியைச் சொருகினா, கிண்ணம் குழம்பிப் போய் வெளிச்சத்தைக் கண்டபடி வாரி இறைக்கும். வண்டிக்கு முன்னாடி பத்து மீட்டர் பகல் மாதிரி இருக்கும், அதைப் பார்த்து நமக்கு ஒரே குஷி. கண்ணு அந்த வெளிச்சத்துக்குப் பழகிடறதால தூரத்து இருட்டு இன்னும் இருட்டாத் தெரியும். எதிர்ல வர்றவருக்கோ கண்ணே போயிடும். நம்மூர் நாற்கரச் சாலையில ராத்திரி ஓட்டினவங்களுக்கு நான் விளக்கவே வேணாம்.

அதுக்காக எல்ஈடியே கூடாதுன்னு இல்லை. 2020 அக்டோபர்ல ஓஸ்ராம் கம்பெனியோட எச்7 எல்ஈடிக்கு இங்க முதல் முதலா சாலை அனுமதி கிடைச்சுது, 2021ல ஃபிலிப்ஸுக்கும். ஆனா அனுமதி பல்புக்கு மட்டும் இல்லை, இந்த மாடல் வண்டி, இந்த எண்ணுள்ள விளக்குன்னு ஒரு பட்டியலுக்கு. பட்டியல்ல இருந்தா போட்டுக்கலாம், அனுமதித் தாளை அச்செடுத்து வண்டியிலேயே வச்சிருங்க. எங்க கிழடு பட்டியல்ல இல்லை. தம்பி பார்த்த முப்பது யூரோ சரக்குக்குப் பட்டியலே இல்லை. மாட்டினா வண்டியோட சாலை அனுமதியே செல்லாமப் போகலாம், டியூஃப் சோதனையிலயும் ஊத்திக்கும்.

"சட்டம் பேசாதீங்கண்ணே, நான் செத்தா சட்டமா வரும்?"னு கேட்டான். நியாயமான கேள்விதான். அதனாலதான் பல்பு வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை முழுக்க வண்டியோட மல்லுக்கட்டினோம்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல 0லேருந்து 3 வரைக்கும் எண் போட்ட சின்ன உருளை இருக்கும், பார்த்திருப்பீங்க. பின்னாடி ஆளும் மூட்டையும் ஏத்தினா மூக்கு தூக்கிக்கும்ல, அப்ப விளக்கைக் குனிய வைக்கறதுக்கு. எங்களுக்கு வித்தவர் எப்பவோ 2ல வச்சு விட்டிருக்கார். தனி ஆளா ஓட்டற தம்பிக்கு 65 மீட்டர் கூடக் கிடைக்கலை! 0க்குத் திருப்பினோம், செலவு பூஜ்யம்.

அடுத்தது மல்டிமீட்டர். இஞ்சின் ஓட, லைட் எரிய, பேட்டரியில 13.9 வோல்ட், பல்பு சொருகியில 12.4. (விளக்கு எரியும்போதே அளக்கணும், கழட்டிட்டு அளந்தா எல்லாம் நல்லாத்தான் காட்டும்.) ஒன்றரை வோல்ட் தானேன்னு தோணும். ஆனா இழை பல்புல வெளிச்சம் வோல்டேஜோட ஏறத்தாழ 3.4 அடுக்கா மாறும். அந்த ஒன்றரை வோல்ட்ல வெளிச்சத்துல மூணுல ஒரு பங்கு காலி. தேடிப் பார்த்தா பாடியில எர்த் வயர் மாட்டற இடம் துருப்பிடிச்சிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு முறுக்கினதும் 13.4 ஆச்சு. அதே பழைய பல்பு, முப்பது சதவீதம் கூடுதல் வெளிச்சம். சட்டப்படி விக்கற எந்தப் பெட்டியும் மொத்த வெளிச்சத்துல இதைத் தராது. தம்பி முகத்துல அப்பதான் கொஞ்சம் சிரிப்பு.

விளக்கு மேல பிளாஸ்டிக் மூடி மங்கலா, பால் ஊத்தின மாதிரி இருந்தாலும் எந்த பல்பும் உதவாது. எங்களுது லேசான மங்கல்தான், விட்டுட்டோம். மெருகு போட்டா மேல்பூச்சும் சேர்ந்து போயிடும். இங்க சோதனைக்காரரைக் கேட்டுட்டு கை வைக்கறது உத்தமம்.

சாய்வு சரி பண்ண கேரேஜுக்குப் போனோம். வருஷா வருஷம் அக்டோபர்ல இங்க லிஷ்ட்-டெஸ்ட்னு விளக்குகளை இலவசமாப் பார்த்துத் தருவாங்க, 1956லேருந்து நடக்குது. நாங்க போனது டிசம்பர், ஆனாலும் மெக்கானிக் பெரியவர் முன்னாடி ஒரு பெட்டியை உருட்டிட்டு வந்து வச்சு, இடது விளக்கைத் திருகி ஏத்திட்டு, காப்பிக்காசு உண்டியலைக் காமிச்சார். ரெண்டு யூரோ போட்டோம். நல்ல மனுஷன்.

அப்புறம்தான் பல்பு. 55 வாட், ஈ எழுத்து வட்டத்துக்குள்ள எண்ணோட முத்திரை (1னா ஜெர்மனி அனுமதி), நீலப் பூச்சு இல்லாதது, ரெண்டும் ஒரே பெட்டியிலேருந்து. இருபத்தஞ்சு யூரோ சொச்சம். நூறு வாட் பல்பும் கிடைக்குது, சாலைக்கு அனுமதி இல்லை. சொருகியும் வயரும் 55க்குப் போட்டது, உருகிடும். மாத்தும்போது கண்ணாடியை விரலால தொடாதீங்க, பிசுக்கு ஒட்டின இடத்துல சூடு ஏறி சீக்கிரம் போயிடும். டிஷ்யூ பேப்பர் போதும்.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் அதே வழியில ஒரு ரவுண்டு போனோம். வலது ஓரத்துக் கம்பங்கள் ஒவ்வொண்ணா முன்கூட்டியே முளைச்சுது. நடு ரோடு? அதே 65. எதிர்ல யாரும் இல்லாதப்ப ஹை பீம் போடுன்னேன். "எதுக்குண்ணே, யாராவது திட்டப்போறாங்க"ன்னான். இத்தனை நாள் காட்டுக்குள்ள லோ பீம்லயே வந்திருக்கான் மகராசன்! போட்டதும் நூறு மீட்டரைத் தாண்டி ரோடு விரிஞ்சுது. மான் தெரிஞ்சா உடனே லோ பீமுக்கு இறக்கி, ஹாரன் அடிச்சு, நேரா பிரேக் பிடிக்கணும், ஒடிச்சுத் திருப்பக்கூடாதுன்னும் சொல்லி வச்சேன். எதிர்ல வண்டி வந்தா லோ பீம்தான், அப்ப 70க்கு மேல போகமாட்டேன்னு தம்பி ஒத்துக்கிட்டான். வீட்டுக்கு வர நாலு நிமிஷம் கூட ஆகுதாம்.

பழைய பல்பு ரெண்டையும் துணியில சுத்தி டேஷ்போர்டு பெட்டிக்குள்ள போட்டிருக்கோம். புதுசு எப்ப வேணா போகும், ராத்திரி 2 மணிக்குக் காட்டுல கடை எதுவும் திறந்திருக்காது.