அடிக்கடி காயம் படுற பவுலருக்கு 18.5 கோடி டாலர்: நீங்களா இருந்தா கொடுப்பீங்களா?

ஒரு நிமிஷம் நீங்க ஒரு பேஸ்பால் டீமோட ஓனர்னு வச்சுக்கோங்க. உலகத்துலயே பெஸ்ட்னு பேர் வாங்கின ஒரு பிட்சர் (நம்ம ஊர் ஃபாஸ்ட் பவுலர் மாதிரி) மார்க்கெட்டுக்கு வர்றார். ஆனா அவர் பாதி நாள் காயத்துல உட்கார்ந்திருப்பார். எவ்வளவு கொடுப்பீங்க?

2022 டிசம்பர்ல டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் முன்னாடி இருந்த கேள்வி இதுதான். ஆள், ஜேக்கப் டிகிராம். 2018, 2019 ரெண்டு வருஷமும் சை யங் விருது. அந்த லீக்ல பெஸ்ட் பிட்சருக்குக் கொடுக்கிற விருது அது. ஆனா ஆரோக்கியமான ஸ்டார்ட்டிங் பிட்சர் சீசனுக்கு 30 மேட்சுக்கு மேல ஆடுவார். டிகிராம் 2021ல ஆடினது 15, 2022ல 11. வயசு வேற 34.

ரேஞ்சர்ஸ் கொடுத்தது 5 வருஷத்துக்கு 18.5 கோடி டாலர். அங்க இந்த மாதிரி கான்ட்ராக்ட்ல ஒரு விஷயம் இருக்கு. காயம்பட்டு ஒரு பந்து கூட போடலன்னாலும் சம்பளம் முழுசா போகும். நம்ம ஹோம் லோன் ஈஎம்ஐ மாதிரிதான், வேலை இருந்தாலும் இல்லன்னாலும் தேதி வந்தா பணம் போயிடும்.

அப்புறம் நடந்ததைப் பாருங்க. 2023ல வெறும் 6 மேட்ச், அதோட முழங்கைல டாமி ஜான் ஆபரேஷன். கிழிஞ்ச தசைநாருக்குப் பதிலா வேற இடத்து நாரை எடுத்து வைக்கிற சர்ஜரி அது. அவருக்கு இது ரெண்டாவது தடவை. 2024 கடைசில வந்து 3 மேட்ச். ரெண்டு வருஷத்துல சம்பளம் 7 கோடி டாலர், போட்டது 41 இன்னிங்ஸ். ஒரு இன்னிங்ஸுக்கு சுமார் 17 லட்சம் டாலர்! எந்த எக்ஸெல் ஷீட்ல போட்டாலும் சிவப்புதான் வரும்.

ஆனா அதே 2023ல ரேஞ்சர்ஸ் முதல் தடவையா வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சுது.

எப்படி? டிகிராமை எடுத்த அதே மாசம் நேதன் ஈவால்டியையும் 2 வருஷத்துக்கு 3.4 கோடி டாலருக்கு எடுத்தாங்க. டிகிராம் விழுந்ததும் ஜூலைல மேக்ஸ் ஷெர்சர், ஜோர்டன் மான்ட்கோமரின்னு ரெண்டு பேரைக் கொண்டு வந்தாங்க. பிளேஆஃப்ல ஈவால்டி 5 வெற்றி, ஒரு தோல்வி கூட இல்ல. அதாவது 18.5 கோடி போட்டும் கையில காசு மீதி இருந்துச்சு. சின்ன பட்ஜெட் டீம் இதே டீலைப் பண்ணியிருந்தா அந்த சீசன் ஜூன்லயே முடிஞ்சிருக்கும். நீங்க ஒரே ஸ்மால்கேப் ஷேர்ல மொத்த சேமிப்பையும் போடுறதுக்கும், எமர்ஜென்சி ஃபண்ட் தனியா வச்சுட்டு ஒரு பகுதியைப் போடுறதுக்கும் இருக்கிற வித்தியாசம் இதுதாங்க.

என்னைக் கேட்டா ரேஞ்சர்ஸ் பண்ண தப்பு ஆளை எடுத்தது இல்ல, விலை. 30 மேட்ச் ஆடுறவருக்கான விலையை 13 மேட்ச் சராசரிக்காரருக்குக் கொடுத்தாங்க. அட்லாண்டா பிரேவ்ஸ் எடுத்த கிறிஸ் சேலைப் பாருங்க. அவரும் வருஷக்கணக்கா காயம். 2023 டிசம்பர்ல ட்ரேட் நடந்தப்போ பழைய டீமான பாஸ்டனே 1.7 கோடி டாலர் சேர்த்துக் கொடுத்து அனுப்புச்சு. 2024ல சேல் 18 வெற்றி, சை யங் விருது. ரிஸ்க் கிட்டத்தட்ட அதேதான், ஆனா தள்ளுபடில கிடைச்சுது.

சரி, டிகிராம் கதை முடியல. 2025ல 30 மேட்ச், 172 இன்னிங்ஸுக்கு மேல போட்டார். இன்னிங்ஸ் செலவு சுமார் 2.3 லட்சம் டாலருக்கு இறங்கிடுச்சு. 2026, 2027க்கு இன்னும் 7.5 கோடி பாக்கி. நான் அந்த ஆபீஸ்ல இருந்தா, நல்லா ஆடின இந்த வருஷத்தை நம்பி உட்காராம, இன்னொரு ஸ்டார்ட்டருக்கு இப்பவே பணம் ஒதுக்கி வச்சிருப்பேன்.