பெயர் மாறிப் புகழடைந்த யப்பானியப் பாட்டு

மொழி விளங்காத பாட்டைக் கேட்டும் மனம் உருகுவதுண்டு என்பதை நாம் யாவரும் அறிவோம். ஆயினும், ஒரு சொல்லேனும் விளங்காத பாட்டின் இசைத்தட்டைக் காசு கொடுத்து வாங்க இலட்சக்கணக்கானோர் முன்வருவரா? 1963ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் அவ்வாறே நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ‘பில்போர்ட்’ சஞ்சிகையின் பாடல் வரிசையில் மூன்று வாரங்கள் முதலிடத்தில் நின்றது ஒரு யப்பானியப் பாட்டு. பாடியவர் கியூ சகமோத்தோ என்னும் 21 வயது இளைஞர்.

‘உவே ஓ முயிதே அருக்கோ’ என்பதே அப்பாட்டின் உண்மைப் பெயர். மேல் நோக்கியவாறு நடப்போம் என்பது அதன் பொருள். கண்ணில் திரண்ட நீர் சிந்திவிடாதிருக்க, முகத்தை வானை நோக்கி உயர்த்தித் தனியே நடக்கும் ஒருவனின் துயரை அது கூறுகின்றது. இயற்றியவர் ரொக்குசுக்கே எயி. இசையமைத்தவர் ஹச்சிடாய் நக்கமுரா.

காதற் பிரிவைப் பாடியது என்றே கேட்போர் எண்ணுவர். அதன் பிறப்போ வேறு. 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவுடனான பாதுகாப்பு உடன்படிக்கையை எதிர்த்து யப்பானிய மாணவரும் தொழிலாளரும் பெருந்திரளாகக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி பலிக்கவில்லை, உடன்படிக்கை நிறைவேறிற்று. அத்தோல்வி தந்த மனச்சோர்விலேயே எயி இப்பாட்டை எழுதினார் என்பர்.

1961இல் வெளியான இசைத்தட்டு யப்பானில் பெரும் வரவேற்பைப் பெற்றது. அங்கு சென்றிருந்த ஆங்கிலேய இசைத்தட்டு வணிகர் ஒருவர் அம்மெட்டில் மனம் பறிகொடுத்தார். தாயகம் திரும்பியதும், கெனி போல் என்பவரின் வாத்தியக் குழுவைக் கொண்டு அதனை இசைக்கச் செய்தார். யப்பானியப் பெயர் ஆங்கிலேயர் நாவில் நுழையாது என்றஞ்சி அவர் இட்ட பெயர் ‘சுக்கியாக்கி’. அது யாதென்று நினைக்கிறீர்கள்? மாட்டிறைச்சியும் மரக்கறியும் சேர்த்துச் சமைக்கும் ஒரு யப்பானிய உணவு! நம் ஒப்பாரி ஒன்றிற்கு ‘இடியப்பம்’ என்று பெயர் சூட்டினால் எப்படியிருக்கும்?

ஆயினும் அப்பெயரே நிலைத்துவிட்டது. அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்து வானொலி நிலையமொன்று சகமோத்தோவின் மூலப் பாட்டை ஒலிபரப்பியது. நேயர்கள் மீண்டும் மீண்டும் கேட்க விரும்பினர். ‘கப்பிட்டல்’ நிறுவனம் அதனை இசைத்தட்டாக வெளியிட, அமெரிக்காவில் மட்டும் 10 இலட்சத்திற்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகின. போர் முடிந்து 18 ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது. அமெரிக்க உடன்படிக்கையைத் தடுக்க இயலாத வேதனையில் பிறந்த பாட்டை அமெரிக்கரே விரும்பி வாங்கினர்.

சொற்கள் விளங்காவிடினும் சகமோத்தோவின் குரலில் இருந்த தழுதழுப்பு விளங்கியது. பாட்டின் நடுவே அவர் சீழ்க்கையடிக்கும் பகுதிக்கோ மொழியே வேண்டியதில்லை. வணிகர் இட்ட பெயர் பாட்டின் பொருளை மறைத்தது. துயரை மறைக்க அதனால் இயலவில்லை.

1985 ஆகஸ்ட் 12ஆம் நாள் நிகழ்ந்த யப்பானிய விமான விபத்தில் மாண்ட 520 பேருள் சகமோத்தோவும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 43. பாடியவர் மறைந்தும் பாட்டு மறையவில்லை. 2011இல் பூமியதிர்ச்சியும் ஆழிப்பேரலையும் யப்பானைச் சீரழித்தபோது, அந்நாட்டு மக்கள் ஒருவரையொருவர் தேற்ற இப்பாட்டையே மீண்டும் பாடினர். அவர்களுக்கு அது ‘சுக்கியாக்கி’ அன்று. கண்ணீரை அடக்கி மேல் நோக்கி நடக்கச் சொல்லும் பாட்டு.