தட்டில் வளரும் மரம்: எதைத் தேர்ந்தெடுப்பது?

சில ஆண்டுகளுக்கு முன், புதுவையில் வாழும் என் மாமியின் இல்லத்திற்குக் குறுமரம் ஒன்று அன்பளிப்பாக வந்தது. ஜூனிபர் எனப்படும் குளிர்நாட்டு ஊசியிலை மரம் அது. மாமி அதைக் குழந்தையைப்போல் பேணினார். ஆயினும், சித்திரை வெயில் தொடங்கியதும் பச்சை பழுப்பாகி, சில வாரங்களில் மரம் முற்றிலும் பட்டுப்போயிற்று. "என் கவனக்குறைவுதான் இதைக் கொன்றுவிட்டது" என்று மாமி நெடுநாள் வருந்தினார்.

குறை மாமியிடம் இல்லை. மரத்தின் தேர்வில் இருந்தது.

சீனத்தில் தோன்றி ஜப்பானில் செழித்த கலை போன்சாய். 'தட்டில் நடுதல்' என்பதே அச்சொல்லின் பொருள். முறையாகப் பேணினால் இம்மரங்கள் பல தலைமுறைகள் வாழும். 1625 முதல் பேணப்பட்டுவரும் ஜப்பானிய வெண்பைன் ஒன்று, 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோதும் அழியாது தப்பியது. 1976-இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக அளிக்கப்பட்ட அது, இன்றும் வாஷிங்டனில் உள்ளது. எனினும், அணுகுண்டுக்குத் தப்பிய அவ்வினம் நம் மொட்டை மாடியில் நிலைப்பது அரிது. குளிர்காலத்தில் ஓய்வு கொள்வது அதன் இயல்பு. நம் ஊரிலோ அத்தகைய குளிர்காலமே இல்லை.

ஆகவே, படத்தைப் பார்த்து மரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் வீட்டின் வெயிலையும் காற்றையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பிரெஞ்சு ஆட்சியில் 1826-இல் தொடங்கப்பெற்ற புதுவைத் தாவரவியல் பூங்காவை ஒருமுறை சுற்றி வந்தால், நம் மண்ணில் தழைப்பவை எவை என்பது கண்கூடாக விளங்கும்.

புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்றது, நர்சரிகளில் 'ஃபைகஸ்' என விற்கப்படும் இச்சி. ஆலும் அரசும் இதன் இனத்தவையே. அரசின் இலை அகன்றது. சிறு தட்டில் அளவு பொருந்துவது கடினம். இச்சியின் இலையோ இயல்பிலேயே சிறியது. பழைய வீட்டுச் சுவர்களின் வெடிப்பில் பறவை எச்சத்தால் முளைக்கும் ஆலங்கன்றையும் வேரோடு எடுத்து வளர்க்கலாம்; சுவரும் பிழைக்கும், கன்றும் பிழைக்கும்.

நாள் முழுதும் வெயில் விழும் மாடிக்குப் புளியும் காகிதப்பூவும் உகந்தவை. போகன்வில்லா எனப்படும் காகிதப்பூ, பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் பெயரைத் தாங்கியது. கடற்காற்றைத் தாங்கும் இச்செடி, தண்ணீரைச் சற்றுக் குறைத்தால் மேலும் மிகுதியாகப் பூக்கும். அடிக்கடி வெளியூர் செல்லும் குடும்பத்தார், இலையிலேயே நீரைச் சேமிக்கும் ஜேடு செடியை வளர்க்கலாம்.

காய்க்கும் மரம் வேண்டுவோர் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் நலம். பயிற்சியால் இலை சிறுக்கும், கனி சிறுக்காது. எனவே, மாவைத் தட்டில் வளர்த்தால் கிளையின் அளவுக்குக் காய் பொருந்தாது. சிறு கனி தரும் குட்டை மாதுளையே சிறந்தது. பேரீச்சையைக் குறுமரமாக்க விரும்புவோரும் நம்மில் உண்டு. ஆனால், அதற்கு வளரும் குருத்து உச்சியில் ஒன்றே. அதை வெட்டினால் மரம் மடியும். கிளைவிட்டுப் பருக்கும் மரமே இக்கலைக்கு ஏற்றது.

சிறு குழந்தைகள் உள்ள இல்லங்களில், அழகாகப் பூக்கும் அடீனியத்தைத் தவிர்ப்பது நன்று. அதன் பால் நஞ்சாகும்.

எம்மரமாயினும் அடியில் துளையுள்ள தட்டு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீர் தேங்கினால் வேர் அழுகும். கோடையிலோ ஆழமற்ற தட்டின் மண் ஒரே நாளில் உலர்ந்துவிடும்; ஆதலால் தினமும் நீர் ஊற்றியாக வேண்டும். தட்டில் நட்ட மரம் தானே வேரோடித் தண்ணீர் தேட இயலாது. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

மாமியின் முற்றத்தில் இப்போது இச்சி ஒன்று இருக்கிறது. மூன்று கோடைகளைக் கண்டுவிட்டது. "இது நம்ம ஊர்ப் பிள்ளை" என்கிறார் மாமி. அம்முகத்தில் இப்போது பழைய வருத்தம் இல்லை.